மழை வந்தா பாத்துக்கலாம்

பொங்கலுக்கும் ஆடிக்கும் நடுவில், சென்னையில் ஒரு பழைய காரின் வைப்பர் சரியில்லை என்று அதன் சொந்தக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "மழை வந்தா பாத்துக்கலாம்." அவரைப் பொறுப்பற்றவர் என்று சொல்லிவிட முடியாது. பிரேக்கில் லேசாகச் சத்தம் கேட்டால் அன்றைக்கே ஒர்க்‌ஷாப் வாசலில் நிற்கிற ஆள்தான். வைப்பர் விஷயம் வேறு. கண்ணாடி காய்ந்திருக்கும்வரை அது காரின் உறுப்பாகவே கண்ணில் படுவதில்லை. கீழே படுத்திருக்கும் இரண்டு கறுப்புக் குச்சிகள், அவ்வளவுதான்.

கேள்வி இதுதான். வைப்பர் கோளாறு என்று தெரிந்தே மே மாதம் முழுக்க வண்டி ஓட்டுகிறவர் ஏதாவது தப்பு செய்கிறாரா? அக்னி நட்சத்திர வெயில். யாருக்கும் எந்த ஆபத்தும் இல்லை. ஒருநாள் சாயங்காலம் திடீரென்று மழை இறங்குகிறது. அந்த நிமிடத்திலிருந்து "இப்படியா வண்டி ஓட்டுவீங்க?" என்று அவரைக் கேட்கத் தொடங்குகிறோம். ஆனால் அந்த நிமிடத்தில் அவர் புதிதாக எதையும் செய்யவில்லை. மாறியது வானம். ஒருவர் விரலைக்கூட அசைக்காதபோது அவருடைய செயல் மட்டும் தப்பாக மாற முடியுமா? இல்லை, அது முதலிலிருந்தே தப்பாகத்தான் இருந்ததா?

இதை யோசிப்பதற்கு முன்னால் வைப்பர் எப்படிப் பழுதாகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அறம் பற்றி எழுதுகிறவர்களிடம் எனக்கு இருக்கும் ஒரு குறை இது. உதாரணத்துக்கு ஒரு பொருளை எடுத்துக்கொள்வார்கள், பிறகு அந்தப் பொருளைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன மாருதி 800ஐ எடுத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்து வேறு எந்த வண்டியானாலும் அமைப்பு ஏறக்குறைய இதேதான். பானெட்டுக்கு அடியில், கண்ணாடிக்குக் கீழே, ஒரு சின்ன மோட்டார். அதன் தண்டில் திருகு மாதிரி ஒரு பல். அது ஒரு பல்சக்கரத்தைக் கடித்து மெதுவாகச் சுற்றவைக்கும். சக்கரத்தின் அச்சில் ஒரு குட்டைக் கை, அதில் கோத்த கம்பிகள், கம்பிகளின் முனையில் நைலான் புஷ். மோட்டார் எப்போதும் ஒரே பக்கமாகத்தான் சுற்றும். அந்த வட்டத்தைப் போய்ப்போய் வரும் ஆட்டமாக மாற்றுவது இந்தக் கம்பி ஏற்பாடுதான்.

இதில் "வைப்பர் ஓடல" என்பது ஒரு புகார் கிடையாது. குறைந்தது ஆறு புகார். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் காதைத்தான் பயன்படுத்துவார். சுவிட்சைப் போட்டால் உர்ரென்று சத்தம் வருகிறதா? வந்து, குச்சிகள் அசையாவிட்டால் மின்சாரத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. குட்டைக் கையின் நட் தளர்ந்திருக்கும், அல்லது ஒரு புஷ் தேய்ந்து கம்பி நழுவியிருக்கும். ஒரு குச்சி ஓடி இன்னொன்று படுத்திருந்தால் பழுது அந்தப் பக்கத்தில் மட்டும்தான். அச்சிலுள்ள சின்னச் சின்ன வரிப்பற்களில் கை பிடிமானம் இழந்திருக்கலாம். மெதுவான வேகம் இல்லை, அதிக வேகம் மட்டும் ஓடுகிறது என்றால் வேறு கதை. இரண்டு வேக மோட்டார்களில் பெரும்பாலும் மூன்று கார்பன் பிரஷ் இருக்கும், அதில் ஒன்று தேய்ந்திருக்கலாம், இல்லை சுவிட்சுக்குள் ஒரு தொடுமுனை கருகியிருக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்த கோளாறு, குச்சிகள் கண்ணாடியின் நட்டநடுவில் நின்றுவிடுவது. சுவிட்சை அணைத்ததும் வைப்பர் அங்கேயே நின்றுவிடுவதில்லை, கீழே போய்ப் படுத்த பிறகுதான் நிற்கும். இதை நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அதற்கென்று பல்சக்கரத்தோடு சேர்ந்து ஒரு தனி சுவிட்ச் இருக்கிறது. நாம் அணைத்த பிறகும் அது வேறொரு வழியாக மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டே இருந்து, குச்சிகள் சரியான இடத்துக்கு வந்ததும் வெட்டிவிடும். வெட்டுவதோடு மோட்டாரின் இரண்டு முனைகளையும் ஒன்றாக இணைத்து அதையே பிரேக்காகவும் ஆக்கிவிடும். அந்தத் தகட்டில் அழுக்கோ துருவோ சேர்ந்தால் குச்சிகள் பாதி வழியில் உறைந்து நிற்கும். மோட்டார் நன்றாக இருக்கும்போதே "மோட்டார் போச்சு சார்" என்று தூக்கி எறியப்படுவது இந்த இடத்தில்தான்.

மோட்டாரை மாற்றிவிடுவது ஒரு வகையான ரிப்பேர். புதுப்பேட்டைக்குப் போனால் எந்த வண்டிக்கும் பழைய மோட்டார் கிடைக்கும். மாட்டியதும் ஓடும். ஆனால் எதனால் ஓடியது? பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தும்போது எர்த் போல்ட்டில் இருந்த துரு உரசிப் போய்விட்டது, அதனால் ஓடியிருக்கலாம். மெக்கானிக்குக் காசு வந்தது, நமக்கு வைப்பர் வந்தது. பழுது மட்டும் யாருக்கும் தெரியாமலேயே போய்விட்டது. போல்ட்டில் அடுத்த துரு சேரும்வரை எல்லோருக்கும் சந்தோஷம். (948ஆம் குறளை மேற்கோள் காட்ட இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஊரில் உள்ள கிளினிக் சுவர்களில் பாதியில் அது இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும்.)

சத்தமே இல்லாத வைப்பர்தான் உண்மையான சோதனை. முதலில் ஃபியூஸ். அது நன்றாக இருந்தால் மோட்டாருக்கு வரும் வயரில் மின்சாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இங்கேதான் ஒரு நுணுக்கம் இருக்கிறது, இந்தக் கட்டுரையே அதை நம்பித்தான் நிற்கிறது. கையில் மல்டிமீட்டர் இருக்கிறவர் மோட்டாரின் இணைப்பைக் கழற்றி, வரும் வயரையும் எர்த் வயரையும் மீட்டரில் வைத்துப் பார்க்கிறார். 12 வோல்ட் காட்டுகிறது. "சப்ளை சரியா இருக்கு, எர்த்தும் சரியா இருக்கு, அப்போ மோட்டார்தான் போயிருக்கு" என்கிறார். தர்க்கம் சரி, முடிவு தப்பு. மீட்டர் தன் வழியாக மின்சாரத்தை ஏறக்குறைய ஓடவே விடுவதில்லை. மின்சாரம் ஓடாதபோது துருப்பிடித்த இணைப்பும் புத்தம்புது இணைப்பும் ஒரே எண்ணைத்தான் காட்டும். எர்த்தில் 1 ஓம் அளவுக்குத் துரு இருக்கிறது என்று வையுங்கள். 4 ஆம்பியர் ஓடும்போது அந்த இடத்திலேயே 4 வோல்ட் காணாமல் போய்விடும். மீட்டர் வைத்துப் பார்க்கிறபோது போவது ஒன்றுமில்லை.

அதனால்தான் பழைய ஆட்கள் மீட்டரை ஓரமாக வைத்துவிட்டு ஒரு 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயரைப் பற்றவைத்து வைத்திருப்பார்கள். அந்தப் பல்பு இரண்டு ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். இணைப்பு நல்லதென்றால் பளிச்சென்று எரியும். துரு இருந்தால் அழுதுவடியும். இணைப்பிடம் வேலை வாங்கிப் பார்த்தால்தான் அது எப்படிப்பட்டது என்று தெரியும்.

இப்போது "மழை வந்தா பாத்துக்கலாம்" என்பவரிடம் திரும்பலாம். "ஏங்க, வைப்பர் ஓடுதா?" என்று கேட்டால் அவர் சுவிட்சைப் போட்டுக் காட்டுவார். காய்ந்த கண்ணாடியில் ரப்பர் கிரீச்சென்று ஒருமுறை மேலே போய்க் கீழே வரும். "பாருங்க, ஓடுதே." அவர் பொய் சொல்லவில்லை, அவர் மீட்டர் வைத்துப் பார்க்கிறார், அவ்வளவுதான். ஹெட்லைட், பின்கண்ணாடி டிஃபாகர், ஃபேன் எல்லாம் சேர்ந்து எரியும் ஒரு ராத்திரியில், ஒரு மணி நேரம் தொடர்ந்து கொட்டும் மழையில், அந்த மோட்டார் என்ன செய்யும் என்று அந்த ஒரு கிரீச் சொல்லாது. அது சொல்லாது என்பது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் ஒரே ஒரு முறையோடு சுவிட்சை அணைத்துவிடுகிறார்.

நம்பிக்கையும் ஒரு செயல்தான், அதற்கும் ஒருவர் பதில் சொல்லியாக வேண்டும் என்று 1877இல் வில்லியம் கிளிஃபோர்டு என்ற ஆங்கிலேயக் கணிதவியலாளர் வாதிட்டார். அந்தக் கட்டுரையின் பெயரே "நம்பிக்கையின் அறவியல்". அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு, அடிக்கடி ரிப்பேர் பார்த்தது, அதில் குடியேறிகள் குடும்பம் குடும்பமாக ஏறப்போகிறார்கள். முதலாளிக்குச் சந்தேகம் வருகிறது. சந்தேகத்தைத் தீர்க்க வேண்டுமென்றால் செலவாகும். அதனால் அவர் சந்தேகத்தை வேறு விதமாகத் தீர்த்துக்கொள்கிறார்: இத்தனை தடவை போய் நல்லபடியாகத் திரும்பிய கப்பல்தானே, கடவுள் பார்த்துக்கொள்வார், கட்டியவர்களைச் சந்தேகப்படுவது தப்பு. கடைசியில் உண்மையிலேயே நம்பிவிடுகிறார். லேசான மனதோடு வழியனுப்புகிறார். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவர் இன்ஷூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொள்கிறார்.

கிளிஃபோர்டின் அடி இதற்குப் பிறகுதான் விழுகிறது. கப்பல் மூழ்காமல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தால்? அப்போதும் அவர் குற்றவாளிதான் என்கிறார். எப்படி முடிந்தது என்பது பொருட்டில்லை. எப்படி நம்பினார் என்பதுதான் கேள்வி. அவர் நம்பிக்கை உண்மையானது, ஆனால் அந்த நம்பிக்கைக்கு அவருக்கு உரிமை இல்லை.

இதைப் படிக்கும்போது எனக்குப் பாண்டிய மன்னனின் நினைவு வரும். எல்லாம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது என்று மார்தட்டுவதற்காகச் சொல்லவில்லை. அந்தக் கதை கிளிஃபோர்டு தொடாத ஒன்றைத் தொடுகிறது. நெடுஞ்செழியன் பொய் சொன்னவன் இல்லை. கோவலன் கள்வன் என்று மனதார நம்பினான். அரசியின் ஊடலைத் தணிக்கப் போய்க்கொண்டிருந்த அவசரம், பொற்கொல்லன் சொன்ன செய்தி, இரண்டும் சேர்ந்து அந்த நம்பிக்கையை உருவாக்கின. ஆனால் சோதனை கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரு சிலம்பை உடைத்தால் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று தெரிந்துவிடும். உடைக்க ஆன நேரம் எவ்வளவு? ஒரு நொடி. அந்த ஒரு நொடிச் சோதனையைக் கடைசியில் செய்தவள் கண்ணகி, அதுவும் எல்லாம் முடிந்த பிறகு. "எனக்குத் தெரியாதே" என்று மன்னன் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. தெரிந்துகொள்ளும் வழி இருந்தும் தெரிந்துகொள்ளவில்லை என்பது அவனுக்கு விளங்கிவிட்டது. அது அவன் உயிரையே எடுத்தது.

கப்பல் முதலாளியைவிட வைப்பர்காரருக்கு ஒரு வசதி அதிகம். அவருடைய பழுது வந்து வந்து போகும். பழைய வண்டியில் மின்கோளாறு ஒரேயடியாக வருவது அபூர்வம். இன்றைக்கு ஓடாது, நாளைக்கு ஓடும். ஒரு குழியில் விழுந்து எழுந்தால் ஓடும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் கட்டாயம் ஓடும். "இங்க நல்லாத்தானே ஓடுது சார்? மறுபடி வந்தா கொண்டாங்க." மெக்கானிக்குக்கும் இதைவிட்டால் வழியில்லை, கண்ணில் படாத பழுதை அவர் எங்கே போய்த் தேடுவார்? ஆனால் நமக்குள் நடப்பது வேறு. ஓடாத நாட்களை நாம் விபத்து என்று எழுதிவைக்கிறோம், ஓடுகிற நாட்களை வண்டியின் குணம் என்று எழுதிவைக்கிறோம். இணைப்புகளைப் படித்தவர் தலைகீழாகத்தான் எழுதுவார். துரு எப்போதும் இருக்கிறது. சில நாள் குலுங்கலில் தற்செயலாகத் தொட்டுக்கொள்கிறது. விபத்து என்றால் அது ஓடுவதுதான்.

எல்லாவற்றையும்விட மோசமானது ஃபியூஸ் விவகாரம். வைப்பர் ஃபியூஸ் போகிறது. புதியதைப் போட்டால் மறுபடி போகிறது. அச்சு இறுகி மோட்டார் திணறுகிறது, அல்லது எங்கோ வயரின் மேல்தோல் உரசி உடம்பில் படுகிறது, அதைத்தான் ஃபியூஸ் தன் உயிரைக் கொடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நம்மாட்கள் செய்வது தெரிந்ததுதானே. வீட்டில் பீங்கான் ஃபியூஸ் கட்டையில் கம்பியை இரட்டிப்பாகச் சுற்றிப் பழகிய கை, காரிலும் பெரிய ஃபியூஸைச் செருகிவிடும். அதன் பிறகு ஃபியூஸ் போகாது. மறுபடி ஏதாவது நடந்தால் சூடாவது வயர். அறியாமை என்ற சொல் இதற்குப் போதாது. செய்தி கொண்டுவந்தவன் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறோம். நமக்கு வேண்டாத சந்தேகங்களை மனதுக்குள் இதேபோல் கையாள்வதில் நாம் எல்லோருமே நல்ல எலக்ட்ரீஷியன்கள்.

சரி, மழை வருகிறது. இரண்டு பேர். இருவர் வண்டியிலும் ஒரே பழுது, இருவருக்கும் அது முன்பே தெரியும். முதலாமவர் தட்டுத்தடுமாறி வீடு போய்ச் சேர்ந்து சூடாகக் காபி குடிக்கிறார். இரண்டாமவர் முன்னால் ஒரு சைக்கிள்காரர். தாமஸ் நேகல் 1970களில் எழுதிய கட்டுரை ஒன்றில் கிட்டத்தட்ட இதே உதாரணம் வரும், வைப்பருக்குப் பதில் பிரேக். பிரேக்கைச் சோதிக்காமல் லாரி ஓட்டியவர் ஒரு குழந்தையின் சாவுக்குக் காரணமாகிறார். குழந்தை குறுக்கே வராமலிருந்தால் அதே ஆள் சின்னக் கவனக்குறைவு உள்ளவர், அவ்வளவுதான். நம் கையில் இல்லாத ஒன்று நம்மைப் பற்றிய தீர்ப்பை எப்படி மாற்றலாம் என்பது நேகலின் குழப்பம். அதற்கு அவர் "அற அதிர்ஷ்டம்" என்ற பெயரில் பதிலைவிடக் கேள்வியைத்தான் நமக்கு விட்டுவைத்திருக்கிறார்.

இந்தியச் சட்டத்தில் இந்த இரண்டு எண்ணங்களும் ஒரே பிரிவுக்குள் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 190. ஓட்டுகிறவருக்குத் தெரிந்த பழுதோ, சாதாரண கவனம் இருந்தால் கண்டுபிடித்திருக்கக்கூடிய பழுதோ உள்ள வண்டியை, அது பிறருக்கு ஆபத்தாகக்கூடும் என்ற நிலையில், பொது இடத்தில் ஓட்டினாலோ ஓட்டவிட்டாலோ தண்டனை உண்டு. விபத்து நடக்க வேண்டும் என்றுகூட இல்லை. தெரியாது என்றாலும் தப்பிக்க முடியாது, தெரிந்திருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. கிளிஃபோர்டு பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். ஆனால் அதே பிரிவு அதற்கடுத்து, அந்தப் பழுதால் விபத்தாகி யாருக்காவது காயம்பட்டால் தண்டனை கூடும் என்கிறது. உயிரே போய்விட்டால் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு வந்து நிற்கும், ஐந்து வருடம் வரை சிறை. நேகலுக்குத் தலை சுற்றியது இங்கேதான்.

எனக்கு இதில் ஒரு கருத்து உண்டு. அந்த இரண்டு பேரும் மே மாதத்தில் செய்தது ஒன்றேதான், அந்த அளவில் அவர்கள் சமம். ஆனால் நாம் அவர்களிடம் ஒரே மாதிரி பேச மாட்டோம். அப்படிப் பேசவும் கூடாது என்று நினைக்கிறேன். இரண்டாமவர் ஒருவருக்கு ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது, முதலாமவருக்கு அந்தக் கடன் இல்லை. கடன் வேறு, கறை வேறு. நேகலின் குழப்பத்தில் பாதி, இந்த இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுவதால் வருவது. முதலாமவரிடம் கடன் இல்லை என்பதால் கறையும் இல்லை என்று அவர் காபி குடித்துக்கொண்டே முடிவு செய்துவிடுவதுதான் எனக்கு உறுத்துகிறது. வீட்டுக்கு வந்து சேர்ந்த ஒவ்வொரு மழை ராத்திரியும் "பாருங்க, ஒண்ணும் ஆகல" என்பதற்கு இன்னொரு சாட்சியாகிவிடுகிறது. கப்பல் முதலாளியும் இப்படித்தான் சாட்சி சேர்த்தார்.

கிளிஃபோர்டோடு முழுக்க ஒத்துப்போகவும் என்னால் முடியாது. போதிய ஆதாரமில்லாமல் எதையும், யாரும், எப்போதும் நம்பக்கூடாது என்கிற அளவுக்கு அவர் போகிறார். இருபது வயது காரை வைத்திருக்கிறவர் அப்படி வாழ முடியாது. பால் ஜாயின்ட், பிரேக் ஹோஸ், டயருக்குள் இருக்கும் கம்பி என்று நம்பிக்கையின் பேரில் ஓடுகிற நூறு உறுப்புகள் அதில் இருக்கின்றன. எல்லாவற்றையும் சோதித்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புவேன் என்றால் வேலைக்குப் போக முடியாது, ஆஸ்பத்திரிக்கும் போக முடியாது. பழைய காரை வைத்திருப்பவர்களில் பலர் அதை ஆசைக்காக வைத்திருக்கவில்லை, வேறு வழியில்லாமல்தான். அவர்களிடம் போய் விக்டோரியா காலத்து ஆங்கிலேயரின் கறாரைக் காட்டுவது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆனால் எல்லாச் சோதனையும் ஒரே விலை கிடையாது. வைப்பர் சோதனைக்கு ஆவது ஒரு சொம்புத் தண்ணீரும் ஐந்து நிமிடமும். (பழைய வண்டிகளில் கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கும் பம்ப் வைப்பருக்கு முன்பே செத்திருக்கும், அதனால்தான் சொம்பு.) எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் ஃபேனையும் போட்டுவிட்டு, கண்ணாடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வைப்பரை ஓட விடுங்கள். வேகம் குறைகிறதா? குறைந்தால் கைகளைத் தூக்கி நிறுத்திப் பாருங்கள். தூக்கியதும் வேகம் வந்தால் பாரம் ரப்பரில். தூக்கியும் வராவிட்டால் கம்பியைக் கழற்றி மோட்டாரைத் தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். தனியாக ஓடினால் அச்சு இறுகியிருக்கிறது, பல வருடத்துக் கிரீஸ் காய்ந்து கல்லாகியிருக்கும். தனியாகவும் திணறினால் அந்த 21 வாட் பல்பை எடுத்துக்கொண்டு எர்த்தைப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் பாதி உலகத்தைக் கழித்துவிடலாம். இது புரிந்த பிறகு "என்னன்னே தெரியல" என்று சொல்லும் உரிமை நமக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுகிறது.

ஓடுகிறது, ஆனால் கண்ணாடியில் பால் தடவியதுபோல் படலம் படர்கிறது என்பார்கள் சிலர். இரண்டு மாதத்துக்கு ஒரு பிளேடு மாற்றுவார்கள். பெரும்பாலும் குற்றம் பிளேடில் இல்லை. பஸ், லாரிப் புகையின் எண்ணெய்ப் பிசுக்கும் வண்டி கழுவுமிடத்துப் பாலிஷும் கண்ணாடியில் ஏறியிருக்கும். சோப்புப் போட்டுக் கண்ணாடியைத் தேய்த்து, ரப்பரின் விளிம்பை ஈரத்துணியால் இழுத்தால் கறுப்பாக வரும். ரப்பர் தட்டித் தட்டித் துள்ளினால் அந்தக் கை கொஞ்சம் முறுக்கியிருக்கிறது என்று அர்த்தம். திரும்பும்போது ரப்பரின் உதடு மறுபக்கம் மடிய வேண்டும், அதற்கு அது இடம் கொடுக்கவில்லை.

ஒரு காலத்தில் கார்களின் வைப்பர் மின்சாரத்தில் ஓடவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். எஞ்சின் காற்றை உள்ளே இழுக்கும் உறிஞ்சல் விசையில் ஓடியது. அமெரிக்கக் கார்களில் இது பல பத்தாண்டுகள் இருந்தது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் அந்த உறிஞ்சல் குறையும். அதாவது மழையில் மேடு ஏறும்போது, முன்னால் போகும் லாரியை முந்தும்போது, வைப்பர் மெதுவாகும், சில சமயம் நின்றேவிடும். சும்மா நிற்கும்போது அருமையாக ஓடும். பெரிய பெரிய எஞ்சினியர்கள் இதைத் தெரிந்தே விற்றார்கள், ஜனங்கள் தெரிந்தே வாங்கினார்கள். சிக்னலில் நிற்கும்போது நன்றாக ஓடுவதைப் பார்த்து மனதைத் தேற்றிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

வண்டியை விற்கும்போது இது இன்னும் சிக்கலாகும். ஏப்ரல் மாதம், வெயில், வாங்க வருகிறவர் எஞ்சினைக் கேட்கிறார், டயரைக் குத்துகிறார், வைப்பரைப் பற்றிக் கேட்கவில்லை. நாமாகச் சொல்ல வேண்டுமா? இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே சிசரோ, வீட்டின் குறைகளைச் சொல்லாமல் விற்பவரை வைத்து இதே சண்டையை எழுதியிருக்கிறார். சொல்லாமலிருப்பது வேறு, மறைப்பது வேறு என்கிறார் ஒரு ஸ்டோயிக். வழி தெரியாதவனுக்கு வழி காட்டாமலிருப்பதைவிட இது மோசம் என்கிறார் இன்னொருவர். சிசரோ இரண்டாமவர் பக்கம். நானும்தான். வாங்குகிறவர் தன் பிள்ளைகளை அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்காரவைக்கப் போகிறார். இதற்கு மேல் இதில் பெரிய தத்துவம் எனக்குத் தெரியவில்லை.

தனியார் காருக்கு முதல் 15 வருடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அதற்குப் பிறகு பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போக வேண்டும், பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. நடுவில் வரும் மழைகளுக்கு நாம்தான் ஆர்.டி.ஓ.

இதுவரை ஓட்டுகிறவரும் சொந்தக்காரரும் ஒரே ஆள் என்பதுபோல் எழுதிவிட்டேன். நம் ஊரில் அது எப்போதும் அப்படி இல்லை. ஆக்டிங் டிரைவர்கள் இருக்கிறார்கள். ஒரு கல்யாணத்துக்கோ திருப்பதிக்கோ போக ஒரு நாளுக்கு வருகிறவர். முன்பின் தெரியாத வண்டி. அதன் பழுதெல்லாம் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும், கை வைக்கப்போகிறவருக்குத் தெரியாது. ராத்திரி பதினோரு மணிக்கு ஈ.சி.ஆரில் மழை பிடித்துக்கொள்கிறது. எதிரில் வரும் பஸ்ஸின் ஹெட்லைட் ஈரக் கண்ணாடியில் வெடித்துச் சிதறுகிறது.

"சார், வைப்பர் நின்னு நின்னு ஓடுது."

"ஆமாப்பா, போன மாசமே பாக்கணும்னு நெனச்சேன். நீ மெதுவா போ."

"மெதுவா போ" என்பதுதான் இந்தக் கட்டுரையில் என்னை மிகவும் தொந்தரவு செய்யும் வாக்கியம். அது அக்கறைபோல ஒலிக்கிறது. ஆனால் அந்த ஒரு சொல்லில், சொந்தக்காரர் தெரிந்தே வைத்திருந்த பழுது டிரைவரின் வேகப் பிரச்சினையாக மாறிவிடுகிறது. ஏதாவது நடந்தால் ஸ்டியரிங்கில் இருந்த கை யாருடையது என்றுதான் முதலில் கேட்பார்கள். சட்டப்பிரிவு "ஓட்டவிட்டவரையும்" சேர்த்துச் சொல்கிறது என்பது அந்த நேரத்தில் யார் நினைவுக்கு வரப்போகிறது? ஓரமாக நிறுத்துகிறேன் என்று டிரைவர் சொல்லலாம். முகூர்த்தம் ஆறு மணிக்கு என்று பதில் வரும். நாள் கூலிக்கு வந்தவர் எத்தனை தடவை அப்படிச் சொல்ல முடியும்? டீக்கடையில் நிறுத்தி, பாதியாக வெட்டிய உருளைக்கிழங்கையோ கொஞ்சம் புகையிலையையோ வாங்கிக் கண்ணாடியில் தேய்த்துக்கொள்வார். தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் படலமாக வழிய அது கொஞ்ச நேரம் உதவும். லாரிக்காரர்களிடமிருந்து வந்த வைத்தியம். அடுத்தவர் தள்ளிப்போட்ட வேலையை ராத்திரியில் உருளைக்கிழங்கால் செய்துகொண்டிருக்கிறார். கிளிஃபோர்டின் முதலாளியும் கப்பலில் ஏறவில்லை என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அனுபவமுள்ள ஆக்டிங் டிரைவர்கள் சிலரிடம் ஒரு பழக்கம் உண்டு. சீட்டைச் சரிசெய்வதற்கு முன்பே ஹாரனை ஒருமுறை, ஹெட்லைட்டை ஒருமுறை, வைப்பரை ஒருமுறை போட்டுப் பார்ப்பார்கள். வெயில் அடிக்கும்போதும்தான். காய்ந்த கண்ணாடியில் ரப்பர் கிரீச்சிடும்போது பின்சீட்டிலிருந்து குரல் வரும். "மழையே இல்லையேப்பா? கண்ணாடி கீறிடப்போவுது."

"ஆமா சார். ஒரு சொம்பு தண்ணி கெடைக்குமா?"